வயிற்று வலிக் கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

பசியாறினாயா? இங்கே ஆயர் ஈத்தாமில் மூன்று நாளாக மழை. துணி ஒன்றும் காயவில்லை.

நீ இடைநிலைப்பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் உடற்கல்வி நேரத்தில் படிவம் இரண்டு வகுப்புப் பெண்பிள்ளைகள் மரத்தடியை விட்டு எழுவதில்லை, ஆளுக்கொரு வயிற்று வலிக் கடிதம் வேறு என்று போனில் அலுத்துக்கொண்டாய். உன் படிவம் இரண்டில் அந்தக் கடிதங்களை எழுதியது இந்தக் கைதான், மறந்துவிட்டாயா?

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒருநாள் பணம் கட்ட உன் பள்ளிக்கு வந்திருந்தேன். திடலில் செகாக் என்ற உடல்தகுதிச் சோதனை. மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கினாய். அதுகூடப் பரவாயில்லை. அப்புறம் எடை பார்த்தார்கள். எழுதுகிறவருக்குக் கேட்க வேண்டுமென்று உன் எடையைச் சத்தமாகக் கூவினார்கள். நீ சட்டையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றாய். அடுத்த வாரக் கடிதத்தை நீ கேட்காமலே எழுதி வைத்தேன். எழுதியிருக்கக் கூடாது. ஆசிரியரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் அதே வருடம்தானே, நம் அடுக்குமாடிக்குக் கீழே இரண்டு மோட்டார் சைக்கிளுக்கு நடுவே துணிக்கயிறு கட்டிப் பூப்பந்து ஆடினாய்? இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் மேலே வரமாட்டாய். 2016 கணக்குப்படி, உலகத்தில் 11 முதல் 17 வயதுவரை பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேருக்குப் போதிய உடலசைவு இல்லை, தினம் 60 நிமிடமாவது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதாக அனுப்பியிருந்தாயே. திடலில் உன்னைப் பார்த்தவர்கள் அந்த 85-இல்தான் சேர்த்திருப்பார்கள். கீழே வந்து பார்த்தவர் யார்?

அதனால் எடையைத் தனியாகக் கூப்பிட்டுப் பார். பூப்பந்தா, கயிறு தாண்டுவதா, போச்சோ போச்சோ நடனம் ஆடுவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும். தோழியோடு சேர விடு. கெட்டிக்காரிகளை மட்டும் முன்னால் நிறுத்தாதே. சில கடிதங்கள் உண்மையாகவும் இருக்கும், மாதவிலக்கு வலி பொய்யில்லை. துருவித் துருவிக் கேட்காதே.

ஸ்டோரைத் துப்புரவு செய்தபோது உன் பழைய மட்டை கிடைத்தது. நரம்பு இரண்டு அறுந்திருந்தது, புதிதாகக் கட்டிவிட்டேன். சித்தி சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறுகிறாள், கொடுத்து விடுகிறேன். முறுக்கும் இருக்கும்.

அம்மா