நாடகத்துக்கு ஒரு வரி இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சபா நாடகங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். கடைசிப் பத்தியில், இன்றைக்குத் தமிழில் நாடகம் என்று சொல்ல எதுவும் இல்லை என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மூன்று நாளாக மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதியவர் கடைசியாக எப்போது நாடகம் பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். போன மாதம் பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு சின்ன அரங்கில் ஒன்று பார்த்தேன். மொத்தம் நாற்பது பேர் இருப்போம், பாதிப் பேர் பாயில். சாக்கடைக் குழியில் இறங்கி வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒருவரின் கதை. முதல் பத்து நிமிஷம் அவருக்கு வசனமே கிடையாது. ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு சிவப்பு சோப்பு. கையைக் கழுவுகிறார், மோந்து பார்க்கிறார், மறுபடி கழுவுகிறார். உள்ளேயிருந்து மகள், "அப்பா, சோறு ஆறுது" என்கிறாள். அவர் மறுபடியும் சோப்பை எடுக்கிறார். அந்த வாசனை பாய்வரைக்கும் வந்தது. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் தன்னையறியாமல் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாதுகாப்பு இல்லாமல் மனிதர்களை அந்த வேலைக்கு இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. அப்புறமும் குழிக்குள் செத்தவர்களின் செய்தி உங்கள் பத்திரிகையில்தானே வருகிறது? நானும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவள்தான். அந்த வாளிக்கு முன்னால் உட்கார்ந்தபோது அப்படித் திருப்ப முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த ஊரில் வேறு வகை நாடகமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கவிஞர் இன்குலாப்பின் 'ஔவை' நாடகத்தை அ. மங்கை மேடையேற்றியபோது, பள்ளியில் நாம் படித்த கூன் விழுந்த பாட்டி போய், யாழும் துணிச்சலுமாக ஒரு பாணர் மகள் வந்து நின்றாள். பாமாவின் கதையைக் கட்டியக்காரி குழு 'மொளகாப்பொடி'யாக ஆடியது. சபா நாடகத்தையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' சபாக்களில் ஓடிய நாடகம்தானே? 1981இல் சினிமாவாக வந்த பிறகு பலருக்கு அது சினிமாவாகத்தான் தெரிகிறது. அதுதான் என் வருத்தமே.

எண்பதுகளில் நானும் ஒரு சின்னக் குழுவில் நடித்தேன். ஆபீஸ் முடிந்து மொட்டை மாடியில் ஒத்திகை. ஒன்பதரை மணி மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கி வருவேன். "கூத்தாடுற பொண்ணுக்கு வீடு கிடையாது" என்று சொல்லி வீட்டுக்காரர் காலி பண்ண வைத்தார். நாடகப் பிரதியைக் கொடுத்து போலீஸ் அனுமதிக்காகக் காத்துக் கிடந்த நாட்கள் வேறு. அப்படிக் காத்துக் கிடக்க வைத்த 1954ஆம் வருஷ நாடகச் சட்டத்தை எதிர்த்து நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. அன்றைக்கு உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். அது இதழில் வரவில்லை. பரவாயில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியாது. எங்கள் குழுவில் நாற்பது வருஷம் நடித்த ஒருவர் காலமானார். இரண்டே சினிமாவில், இரண்டு நிமிஷம் வந்திருப்பார். 'துணை நடிகர் மரணம்' என்று போட்டிருந்தீர்கள். மேடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் மனைவி அதைக் கத்தரித்துக்கூட வைத்துக்கொள்ளவில்லை. திருத்தம் கேட்டு எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

விமர்சனம் எழுத ஆள் அனுப்புங்கள் என்று இனி கேட்க மாட்டேன். முன்பு உங்கள் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் சொற்பொழிவு, கச்சேரியோடு நாடகமும் வந்துகொண்டிருந்தது. இப்போது நாடகத்தை மட்டும் காணோம். அதைத் திரும்பப் போடுங்கள். நாடகத்தின் பெயர், இடம், நேரம் போதும். அன்று காலையில் போடாமல் முந்தின நாளே போட்டால், தாம்பரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முப்பது வருஷமாக உங்கள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை - 33