ஆச்சிமார் பணமும் அகதிகள் ஆய்வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்காகத் தாங்கள் வெளியிட்டுவரும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களைத் தவறாமல் படித்துவருகிறேன். கடல்சார் பொறியியல் முதல் காலணி வடிவமைப்பு வரை பேசிய அப்பக்கங்களில், அகதிகள், புலம்பெயர்வு, பாலினம், மனித உரிமை ஆகியவற்றை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொள்ளும் துறையைப் பற்றி ஒரு வரிகூட இடம்பெறவில்லை என்பதே இக்கடிதத்திற்குக் காரணம்.

சென்ற மாதம் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு தகப்பனார், முதுகலை வரலாறு முடித்த தம் மகள் இத்துறையில் முனைவர் பட்டத்திற்குச் சேர விரும்புவதைச் சொல்லி, "அகதிகளைப் பற்றிப் படித்து என்ன ஆகப்போகிறது, டீச்சர்?" என்று கேட்டார். அவருடைய பாட்டனார் 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது ரங்கூனை விட்டு, அரக்கான் வழியாகப் பெரும்பகுதி நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அந்தக் கதையை அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் பாட்டனாரை அகதி என்ற சொல்லோடு சேர்த்து அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

செட்டிநாட்டில் இத்துறைக்கான ஆய்வுப்பொருள் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. ஆண்கள் மூன்றாண்டுக் கணக்கில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் 'கொண்டுவிக்க', அதாவது வட்டிக்கடை நடத்திப் பொருளீட்ட, போனார்கள் என்பது எல்லாரும் அறிந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, ஈடு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்ததால், கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு விளைநிலம் செட்டியார்கள் வசமானதும், 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியதும் ஆய்வுகளில் விரிவாகவே பதிவாகியுள்ளன. ஆனால் அந்த வட்டிக்கடைகளின் மூலதனத்தில், ஊரிலேயே இருந்துவிட்ட பெண்களின் சீதனமும் 'ஆச்சிமார் பணம்' என்று வட்டிக்குப் போடப்பட்டிருந்ததே, அது மூழ்கியபோது யாருடைய ஐந்தொகையில் (வரவு செலவு இருப்புக் கணக்கில்) நட்டம் எழுதப்பட்டது? கடல் தாண்டாத பெண்ணும் புலம்பெயர்வு வரலாற்றில் ஒரு தரப்புதான். பாலினம் என்றால் ஆய்வேட்டின் கடைசியில் ஒட்டவைக்கும் ஓர் இயல் என்று எண்ணுவோர், இந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். கூடவே, நம்மவர் இழப்பை எழுதும் கை, அதே ஈட்டுப் பத்திரத்தில் நிலத்தை இழந்த பர்மிய உழவரையும், அதே கப்பலின் மேல்தளத்தில் கூலி வேலைக்குப் போன இராமநாதபுரத்துக்காரரையும் எழுதியாக வேண்டும். உள்ளூர்ப் பெருமைக்காக இதைச் செய்வதானால் செய்யாமலே இருக்கலாம்.

இத்தகைய ஆய்வுகளால் பயன் உண்டா என்பது அடுத்த கேள்வி. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தையே ஒடுக்குமுறைக்கான அடிப்படைகளாக ஏற்றது. பெண் என்பதற்காகத் துன்புறுத்தப்பட்டவருக்கு அதில் தனியிடம் இல்லை. பெண்ணிய அறிஞர்களும் வழக்கறிஞர்களும் பல ஆண்டுகள் எழுதியும் வாதாடியும் வந்த பிறகே, 1993-இல் கனடாவும் 2002-இல் ஐ.நா. அகதிகள் ஆணையமும் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை என்பதால், இங்கே ஆய்வு செய்பவர் நம் குடியுரிமைச் சட்டத்தை வரிவரியாகக் கற்க வேண்டியிருக்கிறது. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கோ, தாய் இந்தியக் குடிமகளாகவே இருந்தாலும், தந்தை சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டால் அந்த உரிமை இல்லை. எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே ஒரு திருமணப் பேச்சில் இந்தத் தேதிகள் என்னவாகப் பொருள்படுகின்றன என்பதைப் பொறுமையாகக் கேட்டு எழுத ஆள் வேண்டும்.

பிழைப்பு வழியையும் மறைக்க வேண்டியதில்லை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தகுதி பெற்றால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதன் பின் நிலையான வேலைக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். மும்பையின் டாட்டா சமூக அறிவியல் கழகமும் கட்டாயப் புலம்பெயர்வை ஆராய்ந்துவரும் கல்கத்தா ஆய்வுக் குழுவும் உள்நாட்டிலேயே இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் 1982-இல் பார்பரா ஹாரெல்-பாண்ட் தொடங்கிய அகதிகள் ஆய்வு மையம், இதனை ஒரு தனித் துறையாக உலகம் ஏற்கக் காரணமானவற்றுள் முதன்மையானது. நான் இளம் விரிவுரையாளராக இருந்தபோது முகாம் பெண்களைப் பற்றிய தலைப்பொன்றை முன்வைத்தேன். "இது வரலாறு அல்ல, சமூக சேவை" என்று சொல்லி நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோயில் கல்வெட்டுகளில் பட்டம் வாங்கினேன். வருத்தம் இன்றும் உண்டு.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த வழிகாட்டி இதழில் இத்துறைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இன்னொன்று அதைவிட அவசரமானது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எங்கள் வீட்டுப் பெட்டகங்கள் நல்ல விலைக்குப் போகின்றன. உள்ளே இருந்த ரங்கூன் கடிதங்களும், ஆச்சிமார் பெயரில் வரவு வைத்த பேரேடுகளும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போகின்றன. பெட்டகத்தை விற்பவர்கள் காகிதத்தை மட்டுமாவது எடுத்து வைத்துவிட்டு, அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தகப்பனாரின் வீட்டில் அப்படி இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. சாவியை மகளிடம் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை,
தேவகோட்டை.