அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

திருமங்கலம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருவருக்கும் தலை நரைத்துவிட்டாலும் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட பெயரை மாற்ற மனம் வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது என்றும், உசிலம்பட்டியிலிருந்து ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர முடியவில்லை என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, கார் வாங்கும் முடிவு சரி என்றே பட்டது. இங்கே எல்லோரும் நலம். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டதால் வீட்டில் எந்தப் பொருளையும் கீழே வைக்க முடியவில்லை.

2012-ஆம் ஆண்டு வண்டி, ஒன்றே முக்கால் லட்சம் விலை, 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று மதுரை காளவாசலில் பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைக்காரர் சொன்னதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. நீ அனுப்பிய படங்களில் பானட்டைத் திறந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார். ஆயில் மாற்றிய மெக்கானிக் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து நிற்கிறது. அடுத்த முறை ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் என்ற இடத்தில் பேனாவால் 87,500 என்று எழுதியிருக்கிறது. மீட்டரைக் குறைத்தவர் அதைச் சுரண்ட மறந்துவிட்டார்.

இதற்காக அந்த வண்டியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் 90,000 கிலோமீட்டரை ஒட்டி ஓடியிருப்பது குற்றம் அல்ல. அந்த ஓட்டத்துக்கு உரிய வேலைகளை யாராவது செய்தார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். என் முதல் கார் கதையை வெட்கத்தில் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. பெயிண்டின் பளபளப்பைப் பார்த்தேனே தவிர ஒரு பில்லைக்கூடக் கேட்கவில்லை. வாங்கிய நான்காம் மாதம், மேலூர் தாண்டி நாலு வழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் பட்டென்று நின்றது. செல்ஃப் அடித்தால் எப்போதும் உள்ள திணறல் இல்லாமல் காலியாகச் சுற்றியது. எஞ்சினுக்குள் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து, பிஸ்டன் இடித்து, வால்வுகள் வளைந்திருந்தன. காலத்தில் மாற்றியிருந்தால் சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை, வால்வுகள் இருக்கும் எஞ்சின் ஹெட்டைக் கழற்றியதால் 38,000 ரூபாயில் வந்து நின்றது.

ஆகவே உன் வண்டியின் எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட்டா, அதற்குப் பதிலான செயினா என்பதை முதலில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள். செயினைப் பொதுவாகக் கணக்கு வைத்து மாற்றுவதில்லை. ஆனாலும் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் அதுவும் தேய்ந்து தளர்ந்துவிடும். பெல்ட்டாக இருந்தால், மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் உள்ள பில்லைக் கண்ணால் பார்க்காதவரை மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசு.

பில்லெல்லாம் தொலைந்துவிட்டது என்பார் கடைக்காரர். எல்லாக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், பெயர் உள்ள உரிமையாளரிடமே நேரில் பேசிவிடுவது நல்லது. அவர் சம்மதித்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து, எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் என்ன வேலை நடந்தது என்று அவர்கள் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொல்லலாம். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேட்டு வாங்கு. முழு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அதில் நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்குத் தரும் பிரீமியத் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். ஓராண்டு கிளைம் இல்லாவிட்டால் 20, தொடர்ந்து ஐந்தாண்டு இல்லாவிட்டால் 50. ஏறி வந்த சதவீதம் திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் அதற்கு முந்தைய ஆண்டு ஏதாவது அடிபட்டதா, எங்கே டிங்கரிங் பார்த்தார்கள் என்று கேட்க உனக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நம்பர் பிளேட்டில் டி.என். 69 இருக்கிறது, அதாவது தூத்துக்குடிப் பதிவு. 2023 டிசம்பரில் அங்கே தெருவெல்லாம் வெள்ளம் நின்றது நினைவிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தங்கிவிடும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கடற்காற்றில் நின்ற வண்டி என்பதால் அடிப்பக்கத் துருவையும் லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

பதிவு 15 ஆண்டுக்கு என்பதால் 2027-இல் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை பார்த்து, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அதையும் விலையில் பேசு. வண்டியின் மேல் கடன் பதிவு இருக்கிறதா என்பது ஆர்.சி.யிலேயே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் கடைக்கு வந்துவிடுகிறேன். நத்தம் சாலைப் பாலத்தில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் தடையில்லாமல் ஓட்டலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, வீல் பேரிங் சத்தம் கேட்போம். எஞ்சின் சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆவதில் உள்ள கோளாறு தெரியாது, அதனால் நாம் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கடைக்காரரிடம் இன்றே சொல்லிவிடு. வந்ததும் பானட்டில் கை வைத்துப் பார்ப்பேன். சுட்டால், எதிரே டீ குடித்துக்கொண்டு ஆறும்வரை உட்கார்ந்திருப்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்