தெலுக் இந்தான் மீன்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நம் ஊர்ச் சந்தையில், ஐஸ் கட்டிகளின் மேல், சுத்தியல் போன்ற தலை கொண்ட மூன்று கொம்பன் சுறாக் குட்டிகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல். "பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுங்கள், பால் சுரக்கும்" என்று விற்றார்கள். ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பிள்ளை பிறந்தபோது, பால்மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு என் அம்மாவும் சுறாப் புட்டுதான் செய்து ஊட்டினார். அந்த ருசி இன்னும் நாவில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத இத்தனை நாள் தயங்கினேன்.

கொம்பன் இனங்களிலேயே மிகப் பெரியது ஆறு மீட்டர் வரை வளரும். அட்லாண்டிக், இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பக் கடலெங்கும் அது திரிகிறது. பவளப்பாறை ஓரம், காயல், கரையை ஒட்டிய கடல், கரைக்கு அப்பாலுள்ள திறந்த கடல் எல்லாம் அதற்கு வீடு. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை அந்த அகன்ற தலையாலேயே உணர்ந்து, அதனாலேயே அமுக்கிப் பிடிக்கும். என்ன அழகான படைப்பு! ஆனால் அது குறைந்துகொண்டே வருகிறது.

உலகமெங்கும் இருப்பது எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். பெரியவை எங்கு திரிந்தாலும் குட்டிகள் ஆழமில்லாத கரையோரத்தில்தான் வளர்கின்றன. வலைகளும் அங்கேதான் விரிகின்றன. தாய் பதினோரு மாதம் சுமக்கிறது. ஈனுவதோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2019இல் இந்த இனம் மிக அருகிவிட்ட இனங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு மலேசியச் சட்டமும் இதையும் வேறு இரண்டு கொம்பன் இனங்களையும் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தது. குட்டியாக இருக்கும்போது எது எந்த இனம் என்று பிரித்தறிவது கடினம். ஆகவே சுத்தியல் தலை கொண்ட எதையுமே வாங்காதீர்கள்.

மீன்பிடித் துறையான ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீன் பெட்டி வரும்போது தவுக்கேயிடம், அதாவது மீன் முதலாளியிடம், சொல்லிவிடுங்கள்: கொம்பன் வேண்டாம், படகில் உயிரோடு இருந்தால் அங்கேயே விட்டுவிடட்டும். வலையில் சிக்கினால் அது சீக்கிரம் செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் வாங்க ஆளில்லாத மீனைத் தேடி யாரும் வலை போடமாட்டார்கள்.

தாய்மார்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சுறா இறைச்சியில் பாதரசம் சேர்ந்திருக்கும். பாலூட்டும் பெண்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். முருங்கைக் கீரையும் பூண்டும் நம்மிடம் இருக்கின்றனவே.

வரும் சனிக்கிழமை காலை, தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் பெயர் எழுதிய படங்களோடு வருகிறேன். தராசுக்குப் பின்னால் ஒட்டக் கொஞ்சம் இடம் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாடிக்கையாளர்