கொப்பியில் நீ போட்ட மார்க்குகள்

உவர்மலை, திருகோணமலை
24.08.2025

மகன்,

சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் நீ பார்த்ததற்கு இரண்டு நீலக் கோடும் விழுகிறது, பதில் வருவதில்லை, அதனால்தான் கராச்சைப் பூட்டிவிட்டு வந்து ஈமெயிலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி. நீ கதைத்து நான்கு ஞாயிறு ஆகிறது. வேலை கூட என்று நினைக்கிறோம். அம்மா ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் ஞாயிறு பின்னேரம் போனை சார்ஜில் போட்டுவிட்டு அந்தப் பிளக்குக்குப் பக்கத்திலேயே முருங்கையிலை உருவிக்கொண்டு இருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே கச்சான் காற்று விட்டபாடில்லை. போன கிழமை கராச் கூரையில் ஒரு தகரம் கிளம்பிவிட்டது, அதை இறுக்க ஏறினபோது பரணில் கிடந்த உன் பெட்டியைக் கண்டு, புழுதி போகும் என்று இறக்கினேன். உள்ளே அந்தச் சிஆர் கொப்பி. மட்டையின் ஒரு மூலையைச் செல் அரித்திருக்கிறது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 2005 ரொஸ்பேர்க்கில் தொடங்கி 2017 லெக்லேர்க் வரைக்கும், போர்முலா 1 கார் ஓட்டத்துக்கு ஒரு படி கீழே இருக்கிற அந்த ஓட்டம் ஜீபி2 என்றிருந்து போர்முலா 2 என்று பெயர் மாறினது வரைக்கும், ஒவ்வொரு சாம்பியனுக்கும் நீலப் பேனையில் ஒரு வரி, வரியின் முடிவில் வட்டம் போட்ட மார்க். அதற்குக் கீழே இருப்பது என் பென்சில் எழுத்து. நீ கிளிநொச்சிக் கம்பஸுக்குப் போன பிறகு நான்தான் எழுதி வந்தேன், உனக்குச் சொன்னதில்லை. ரஸல், டி வ்ரீஸ், மிக் ஷூமாக்கர், பியாஸ்திரி, ட்ருகோவிச், பூர்ஷேர், போன வருஷத்து போர்தொலேத்தோ. பெயர் மட்டும்தான். மார்க் போடுவது உன் வேலை என்று விட்டு வைத்தேன்.

முதல் பக்கத்தில் உன் சட்டம் இருக்கிறது. முதல் வருஷமே வென்றால் 10, பிறகு ஒவ்வொரு வருஷத்துக்கும் 1 வெட்டு. அந்தக் கணக்கில் ஹமில்டனுக்கு 10, ஹுல்கன்பேர்க்குக்கு 10, நான்காம் வருஷம் எடுத்த மல்டொனாடோவுக்கும் பால்மருக்கும் 7, ஐந்து வருஷம் ஓடி 2012 இல் எடுத்த வல்செக்கிக்கு 6. வல்செக்கியின் பெயருக்குப் பக்கத்தில் ‘விடாக்கண்டன்’ என்று எழுதி வெட்டியிருக்கிறாய். ஏன் வெட்டினாய் என்று நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சட்டம் பிழை, மகன். நீ பத்துப் போட்ட ஹுல்கன்பேர்க் 2010 இல் போர்முலா 1க்குப் போனவன், முதல் மேடை ஏறினது இந்த வருஷம் ஜூலையில், சில்வர்ஸ்டனில், 239ஆவது ஓட்டத்தில், அதுவும் பத்தொன்பதாவதாக நின்று புறப்பட்டு மூன்றாவதாக வந்து. நீயும் பார்த்திருப்பாய். அண்டைக்கு உனக்குக் கோல் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. ஏழு போட்ட மல்டொனாடோ 2012 இல் பார்சிலோனாவில் அலொன்சோவைப் பின்னால் வைத்துக்கொண்டே வில்லியம்ஸுக்கு ஒரு கிராண்ட் பிரீ வென்று கொடுத்தான், அதற்குப் பிறகு அந்த அணிக்கு வேறு வெற்றியே இல்லை. இதற்காக மல்டொனாடோவை மேலே தூக்கி வைக்கச் சொல்லவில்லை. ஹுல்கன்பேர்க்தான் கெட்டிக்காரன், எனக்கும் அதில் சந்தேகமில்லை. வருஷத்தை எண்ணி அதைக் கண்டுபிடிக்க ஏலாது என்றுதான் சொல்கிறேன்.

எல்லாருக்கும் ஒரே கார்தானே அப்பா என்று நீ சொல்வாய். டல்லாரா கம்பனி செய்த சேசிஸ் ஒன்று, எஞ்சின் ஒன்று, டயர் ஒன்று. சரி. ஒரே மாதம் ஒரே கம்பனியில் இறங்கின இரண்டு ஓட்டோவை என் முன்னால் கொண்டு வந்து நிறுத்து, ஒன்றுபோல ஓடுகிறதா என்று பார்ப்போம். யார் பூட்டினான், யார் பார்க்கிறான், எவ்வளவு காசு இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கிறது. ரொஸ்பேர்க் பட்டம் எடுத்த ஏஆர்டி அணிக்குத்தான் அடுத்த வருஷம் ஹமில்டன் போய் ஏறினான். அதற்காக அவன் திறமையைக் குறைத்துச் சொல்ல என் வாய் வராது, இஸ்தான்புல்லில் சுழன்று கடைசிப் பக்கம் போய்விட்டு ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாவதாக வந்த ஓட்டத்தை நாம் இரண்டு பேரும் எத்தனை தரம் பார்த்திருப்போம், தகப்பன் இரண்டு மூன்று வேலை பார்த்து வளர்த்த பிள்ளை. ஆனால் நல்ல கராச்சில் ஏறினான் என்பதையும் எழுத வேண்டும். உன் கொப்பியில் அணிக்கு ஒரு நிரலே இல்லை.

குளொக்கையும் பந்தானோவையும் எடுத்துப் பார். இரண்டு பேரும் 2004 இல் ஜோர்டன் காரில் போர்முலா 1 ஓடியவர்கள். இரண்டு பேரும் கீழே இறங்கி வந்து திரும்ப முதலில் இருந்து தொடங்கினார்கள். குளொக் 2007 இல் வென்றான், டொயோட்டா போர்முலா 1க்குக் கூப்பிட்டது. பந்தானோ 2008 இல் வென்றான், யாரும் கூப்பிடவில்லை. பந்தானோவுக்கு ஒரு வருஷம் முன்பின் ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல எந்த மார்க்காலும் முடியாது.

ட்ருகோவிச்சைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. முதல் வருஷம் எம்பி என்ற சின்ன அணி. அடுத்த வருஷம் பெரிய அணிக்குப் போனான், அங்கே சரிவரவில்லை. மூன்றாம் வருஷம் அதே பழைய அணிக்குத் திரும்பி வந்து, வருஷத்துக் கடைசி ஓட்டம் வரமுன்னமே மொன்சாவில் பட்டத்தை உறுதியாக்கினான், இரண்டாவதாக வந்த பூர்ஷேரை விட நூறு புள்ளிக்கு மேலே. அப்படி வென்றவனுக்கு அடுத்த வருஷம் போர்முலா 1இல் ஒரு சீட் இல்லை. சாம்பியன் திரும்ப போர்முலா 2 ஓடவும் ஏலாது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவன் காருக்குப் பக்கத்தில் நின்றான். கெட்டித்தனம் இல்லாமலா? இருந்தது ஆறோ ஏழோ பேருக்குத்தான் இடம் மாறுகிற வருஷம், அதில் அவனுக்கு விழவில்லை. அப்படி நிற்கிறவன் வீட்டுக்குக் கோல் எடுத்து என்ன கதைப்பான் என்று எனக்கு அடிக்கடி வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. வாடகைக்கு என்று சாப்பாட்டைக் குறைக்காதே. இங்கே காசு அனுப்பவும் வேண்டாம், இரண்டு மாதமாக நீ அனுப்பினதை நான் தொடவில்லை, உன் பெயரிலேயே கிடக்கிறது. நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் நிறைய வருகிறார்கள், வாடகை ஸ்கூட்டர் எல்லாம் என்னிடம்தான் வருகிறது, நன்றாகப் போகிறது.

பெரியம்மாவின் மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் போட உனக்கு நேரம் இருந்திருக்கிறது. அவள் அம்மாவுக்குக் காட்டினாள். அதைச் சொல்லாமல் விடத்தான் இருந்தேன்.

உன் கையை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. பதினான்கு வயதில், அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டோவின் காபரேட்டரை நான் இரண்டு தரம் கழற்றிப் பூட்டியும் ஐட்லிங் நிற்காமல் கிடந்தபோது, நீ ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை எஞ்சினில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். ‘காற்று இழுக்குது அப்பா, இதிலே இல்லை, கீழே’ என்றாய். பாக்கிங் கடதாசியில் முடி அளவு கிழிசல். அன்றைக்கு வந்திருந்த ஓட்டோக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்வார்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் செய்ததை எழுதித்தான் ஆக வேண்டும். வருஷத்துக்கு ஒரு மார்க் வெட்டுகிற சட்டத்தை நீ எங்கே படித்தாய் என்று அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன், என் மேசையில்தான் படித்திருக்கிறாய். அண்ணா ஏ.எல். சோதனையை முதல் தரம் எழுதி, முதல் ஷையிலேயே மொறட்டுவைக் கம்பஸ் எடுத்தான், அதை நான் கராச்சுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னேன். நீ மூன்றாம் ஷை. கம்பஸ் வெட்டுப்புள்ளி வந்த அன்று பெரியப்பா கோல் எடுத்துக் கேட்டபோது நான் ‘இரண்டாம் ஷைதான்’ என்றேன். நீ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், கையில் அம்மா தந்த சீனித் தட்டு. நான் உன்னைக் கண்டேன். கண்டபிறகும் திருத்திச் சொல்லவில்லை. நீ தட்டை மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாய், அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கு அன்றைக்கு வெட்கம் இருந்தது, மகன். உன்னை நினைத்து வெட்கப்பட்டேன், அதுதான் உண்மை. அண்ணாவுக்கு ஏ.எல். நேரம் வீட்டில் டியூஷனுக்குக் காசு இருந்தது, உனக்கு என் முதுகு ஒப்பரேஷன், நீ பின்னேரம் முழுக்க கராச்சில் நின்றாய். அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நேற்றுப் பின்னேரம் பெரியப்பாவுக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன், மூன்றாம் ஷைதான் என்றும், ஏன் என்றும். அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கு எட்டு வருஷமாக இருந்திருக்கிறது.

லெக்லேர்க்கின் கதை உனக்குத் தெரியும், நீதான் எனக்குச் சொன்னாய். தகப்பன் கடைசி நாட்களில் கிடக்கும்போது, போர்முலா 1க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னான், சில நாளில் தகப்பன் போய்விட்டார், அந்தக் கிழமையே பாக்கு நகரத்து ஓட்டத்துக்குப் போய் வென்றான். அந்தப் பிள்ளையின் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் படுக்கையில் கிடக்கவில்லை, நல்ல சுகமாக இருக்கிறேன், முதுகும் பரவாயில்லை. எனக்கு நீ அப்படி எதுவும் சொல்லத் தேவையில்லை. வேலை இருக்கிறதோ இல்லையோ, நீ கோல் எடு. வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது, அம்மா நேற்றும் பாய் உதறிப் போட்டாள்.

செப்டெம்பர் 7 ஞாயிறு மொன்சா ஓட்டம். கராச்சைத் திறக்க மாட்டேன், போனோடுதான் இருப்பேன். பென்சில் கொப்பிக்குள்ளேயே இருக்கிறது. ட்ருகோவிச்சுக்கு எத்தனை போடட்டும்?

அப்பா

அம்மா கேட்கச் சொன்னாள், போன தரம் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள் முடிந்துவிட்டதா என்று. பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த மாதம் வருகிறான்.