டாக்காவில் விலை போடும் மகனுக்கு

கண்ணு,

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது, வங்கதேசத்துக்கு 20. திருப்பூருக்கு வர வேண்டிய டி-சர்ட் ஆர்டர்கள் உன் கம்பெனிக்கு வருகின்றன என்று போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாய். அதில் உனக்கென்ன சங்கடம்? உங்கப்பாவுக்கு நாலு நாள் முகம் சரியில்லை, அவ்வளவுதான்.

நமக்கும் ஆர்டர் அப்படித்தான் வந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்குவது என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1974 முதல் வைத்திருந்த கோட்டா 2005 ஜனவரியில் போனது. எந்த ஊரிலோ மெஷின் நின்றிருக்கும். இங்கே நாம் ஓவர்லாக் மெஷின் வாங்கினோம். உன் காலேஜ் பீஸ் அந்தக் காசுதான். அதனால் உலகமயம் என்றாலே கெட்டது என்று மேடையில் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். சனிக்கிழமை சம்பளத்தைத் தன் கையால் எண்ணி வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருத்தி.

ஆனால் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் என்று பைசா சுத்தமாகப் போட்ட காஸ்டிங் கணக்கில் நொய்யல் ஆற்றுக்கு என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்தச் செலவைக் கட்டியவர் உன் தாத்தா. பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில், நொய்யல் வழியாக வந்த திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் தேங்கியது. அணைக்குக் கீழே நம் தோட்டத்துக் கிணறு உப்பாகி, தென்னை குரும்பையிலேயே கொட்டியது. மாடு அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். மகள் பனியனில் சம்பாதிக்கிறாள், அப்பன் தோட்டம் அதே பனியனால் போகிறது. அவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது ஒழுங்காக நடந்தது. சாயக்கூலி ஏறியது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அதைத் தருவானா? "டாக்காவில் இதைவிடக் குறைவாகத் தருகிறார்களே" என்பான். இப்போது அந்த டாக்காவில் உட்கார்ந்து விலை போடுகிறவன் நீ.

அங்கேயும் எதுவும் சும்மா கிடைக்கவில்லை. 2013ல் தையல் கம்பெனிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகுதான் கட்டடங்களைச் சோதிக்க ஆள் வந்தது. 2023 இறுதியில் தையல் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அவர்களின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அந்த நாட்டுப் பணத்தில் 8,000 டாகாவிலிருந்து 12,500 ஆனது. 2026 நவம்பரில் வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலை விட்டு வெளியேறும் என்று குறித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பதால் கிடைக்கும் ஐரோப்பாவின் வரிச்சலுகை அதன் பிறகு மூன்று வருஷம்தான். அப்போது பையர் உன்னிடமும் வேறொரு நாட்டின் பெயரைச் சொல்வான்.

ஒன்றே ஒன்று செய். காஸ்டிங் ஷீட்டில் சாயக்கூலிக்குக் கீழே தண்ணீர் சுத்திகரிக்கும் செலவைத் தனி வரியாக எழுதி அனுப்பு. பேரம் பேசும்போது அதை நீயே முதலில் அடித்துவிடாதே. வெட்டுவதென்றால் பையரே வெட்டட்டும். உன் முதலாளி முறைத்தால் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், சிரிப்பார்.

அப்புறம், அங்கே 30ஆம் நம்பர் நூல் கிலோ என்ன விலை என்று அப்பா கேட்கச் சொன்னார். மறக்காமல் சொல்.

அம்மா