‘மின்சார ஹீட்டர்’ என்றால் எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூட்டுவலிக்குத் தண்ணீருக்குள் நடப்பது நல்லது என்று மருத்துவர் கூறியதால், வீட்டு நீச்சல் குளத்தைத் தாயாருக்காகச் சூடாக்க முனைந்தேன். கோவையில் விசாரித்த கடைகளிலெல்லாம் ‘கரண்டா, கேஸா?’ என்றே கேட்டார்கள். கரண்ட் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் காயில் ஹீட்டர், ஹீட் பம்ப் என முற்றிலும் வேறான இரண்டு கருவிகள் இருப்பதை எவரும் தாமாகச் சொல்லவில்லை.

எங்கள் குளம் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். 21,600 லிட்டர் பிடிக்கும். ஆயிரம் லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் வேண்டும் என்பதால், மார்கழிக் குளிரில் ஐந்து டிகிரி உயர்த்த ஏறத்தாழ 125 யூனிட் ஆகும். கம்பிச் சுருளில் மின்சாரத்தைச் செலுத்திச் சூடாக்கும் காயில் ஹீட்டர் அவ்வளவையும் மின் மீட்டரிலிருந்தே இழுக்கும். ஹீட் பம்ப்போ வெளிக்காற்றின் வெப்பத்தை வாங்கித் தண்ணீரில் சேர்ப்பதால், கோவையின் குளிருக்கு 30 யூனிட் அளவிலேயே அதே வேலையை முடித்துவிடும். இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் நம் மாநிலத்தில் இது சிறிய வேறுபாடு அன்று.

கேஸ் ஹீட்டருக்கு அதே சூட்டுக்குச் சுமார் 12 கிலோ எரிவாயு செலவாகும். சமையலுக்குத் தரப்படும் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தவும் கூடாது. ஆயினும் வார இறுதியில் மட்டும் ஆள் தங்கும் கொடைக்கானல் வீடு போன்ற இடத்துக்கு நான் கேஸ் ஹீட்டரையே சொல்வேன். குளிர்ந்த காற்றில் ஹீட் பம்பின் திறன் குறையும். பெரிய கேஸ் பர்னரோ சில மணி நேரத்தில் சூடாக்கிவிடும்.

எதை வாங்கினாலும், இரவில் குளத்தை மூடாவிட்டால் பாதிப் பணம் ஆவியாகத்தான் போகும். ஓர் இரவு நீர்மட்டத்தைக் குளத்துச் சுவர் ஓட்டின் மேல் பென்சிலால் குறித்து வைத்தேன். காலையில் 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பார்வைக்கு ஒன்றுமில்லாத அந்த 36 லிட்டர் ஆவியாகும்போது கொண்டுசெல்லும் வெப்பம், குளம் முழுவதையும் ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்விக்கப் போதும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பிறகு கோடும் தண்ணீரும் பிரியவில்லை.

விற்பனையாளர்கள் வெறுமனே ‘மின்சார ஹீட்டர்’ என்று எழுதாமல், கருவி இழுக்கும் மின்சாரத்தையும் தண்ணீருக்குத் தரும் வெப்பத்தையும் கிலோவாட்டில் அருகருகே குறிக்க வேண்டும். எனக்கு வந்த ஒரு விலைப்பட்டியலில் ‘9 கிலோவாட்’ என்று மட்டும் இருந்தது. இரண்டில் எது அது என்று கேட்டதற்கு, ‘விசாரித்துச் சொல்கிறோம்’ என்றார்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்.